'விடச் சொல்லப்பட்டது' என்று எழுதினால் போதுமா, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

பல் மருத்துவக் கல்லூரியில் புகையிலை நிறுத்த மையத்தை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லதுதான். பசங்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தாய்.

கேள், எடுத்துச் சொல், மனநிலையை அறி, உதவு, தொடர்ந்து பார். நோயாளியைப் புகையிலையை விட வைக்கும் இந்த ஐந்து படிகளையும் வாய்மொழித் தேர்வில் எல்லோரும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஓ.பி.யில் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார். 'பீடி, 20 வருடம், விடச் சொல்லப்பட்டது.' அதோடு சரி. மீதி மூன்றுக்குத்தான் உன் வகுப்பு.

முதலில் ஒரு கேள்வியைப் பழக்கு: "காலையில எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல முதல் பீடி, அண்ணே?" அரை மணிக்குள் என்றால் பிடி இறுக்கம், ஏக்கத்தைத் தணிக்கக் கொடுக்கும் நிகோடின் சூயிங்கம் 2 மி.கி. போதாது, 4 மி.கி. வேண்டும். அதை மெல்லும் விதத்தைச் சாதாரண சூயிங்கம் வைத்துச் செய்து காட்டச் சொல். மெதுவாக மென்று, சுள்ளென்று காரம் ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்க வேண்டும். காரம் குறைந்தால் மறுபடி மெல்லலாம். இப்படி அரை மணி நேரம். பபிள்கம் மாதிரி மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். "நமக்கு ஒத்துக்கல டாக்டர்" என்று தூக்கிப் போட்டுவிடுவார். காபி குடித்த கையோடும் போடக் கூடாது, கால் மணி நேரம் போகட்டும்.

அடுத்தது, நாம் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லாத விஷயம். புகை ஈறின் ரத்தக்கசிவை மறைத்து வைக்கும். விட்ட சில வாரங்களில் பல் துலக்கும்போது ரத்தம் தெரியலாம். முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், "விட்டப்புறம்தான் பல்லு கெட்டுச்சு" என்று மறுபடி பற்றவைப்பார்.

பல் பிடுங்கும் நாள் அருமையான சந்தர்ப்பம். குழியில் ரத்தக்கட்டி நிற்காமல் போனால் வலி உயிரை எடுக்கும். புகைப்பவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். அதனால் மூன்று நாள் தொடாதீங்க என்றால் கேட்டுக்கொள்வார்கள். ஏக்கம் உச்சத்தில் இருப்பதும் ஏறக்குறைய அந்த நாட்களில்தான். தையல் பிரிக்க வரும்போது, "கஷ்டமானதைத் தாண்டிட்டீங்களே, அப்படியே விட்டுடலாமே" என்று ஆரம்பிக்கலாம். புற்றுநோய்ப் படம் காட்டி மிரட்டுவதில் பசங்களுக்குத் தனி உற்சாகம். எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

பின் கேட் டீக்கடையில் சிகரெட்டோடு நிற்கிறவர்களும் உன் வகுப்பில் இருப்பார்கள். திட்டாதே. பயிற்சியில் அவர்களை நோயாளியாக உட்கார வை. மற்றவர்களுக்குத் தோன்றாத சாக்கெல்லாம் அவர்கள் வாயிலிருந்து வரும்.

அறிவுரைக்கு மார்க் போடாதே. நிறுத்தும் தேதியைக் குறித்தார்களா, 1800-11-2356 என்ற இலவச எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்களா, முதல் வாரத்துக்குள் போன் பண்ணினார்களா என்று பார். லாக் புக்கில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். துறைத் தலைவர் முரண்டு பிடித்தால் சொல், நான் பேசுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்