பொங்கல் மேடையில் எங்களுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்

வாஷிங்டன் மாநிலத் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், சியாட்டில் வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும்,

வணக்கம். ரென்டனில் இருந்து எழுதுகிறேன். ஒன்பது வருடமாக வீட்டுப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஊரில் ‘ஹோம் நர்ஸ் வைத்திருக்கிறோம்’ என்பார்களே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். நர்சிங் படித்தவள் இல்லை. 75 மணி நேரப் பயிற்சி முடித்து, தேர்வு எழுதி, மாநிலச் சான்றிதழ் வாங்கி, வருடத்துக்கு 12 மணி நேரம் மறுபயிற்சியும் எடுத்துக்கொண்டு வேலை செய்கிறவள். என் சம்பளம் மெடிகெய்ட் பணத்தில் இருந்து, அதாவது வருமானம் குறைந்தவர்களுக்காக மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து நடத்துகிற மருத்துவ உதவித் திட்டத்தில் இருந்து வருகிறது. மாநில பட்ஜெட்டில் பணம் போதாமல் போகும்போதெல்லாம் முதலில் எங்கள் பக்கம்தான் கை நீள்கிறது. எங்களுக்கு அடி விழுவது இருக்கட்டும், எங்களை நம்பிப் படுத்திருப்பவர்களுக்கு அதைவிடப் பலமாக விழுகிறது.

ஜனவரி இரண்டாவது திங்கட்கிழமை மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் சட்டமன்றம் கூடும். அதை ஒட்டித்தான் நமக்குப் பொங்கலும் வரும். சங்க விழா மேடையில் எங்களுக்குப் பத்து நிமிடமும், மண்டபத்து வாசலில் ஒரு மேசையும் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. நம்மவர் இல்லை. முப்பது வருடம் பள்ளி பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மாநிலத்தின் கேஸ் மேனேஜர் வந்து, எழுந்து உட்கார, கழிப்பறை போக, சாப்பிட, குளிக்க எவ்வளவு உதவி தேவை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கணினியில் போட்டு, மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போவார். அந்த அம்மா எத்தனை மணிக்கு எழுவார், எத்தனை தடவை உடை மாற்றுவார், ராத்திரி சூடாகச் சாப்பிடுவாரா என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணில் இருக்கிறது.

அந்த எண்ணில் மாதம் 20 மணி நேரத்தைக் குறைத்தால், ஒரு நாளைக்கு 40 நிமிடம். காகிதத்தில் பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும். அந்த 40 நிமிடத்தில் நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன்.

அவர் இடுப்பில் டிரான்ஸ்ஃபர் பெல்ட்டை, அதாவது பிடித்து எழுப்ப உதவும் பட்டையைக் கட்டி, என் முட்டியை அவர் முட்டிக்கு முட்டுக்கொடுத்து, இருவரும் சேர்ந்து மூன்று வரை எண்ணி எழுந்து நிற்போம். அங்கிருந்து வீல்சேர், அப்புறம் ஷவர் நாற்காலி. தண்ணீரை முதலில் என் கையில் ஊற்றிச் சூடு பார்ப்பேன், ஏனென்றால் அவருடைய இடது கைக்குச் சூடு தெரியாது. அந்தக் கை எப்போதும் மூடியே இருக்கும். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளங்கையைக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். இரண்டு நாள் விட்டுவிட்டால் வாடை வரும், நகம் சதையில் குத்திப் புண்ணாகும். கடைசியாக, முதுகைத் துடைக்கும்போது இடுப்புக்குக் கீழே வால் எலும்பு மேல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பேன். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே பார்த்துவிட்டால் திருப்பிப் படுக்கவைத்து, தலையணை வைத்துச் சரிசெய்துவிடலாம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஆஸ்பத்திரிதான்.

வெட்டுகிறோம் என்று சொல்வது இதைத்தான். மணி நேரம் குறைந்தால் நாங்கள் ஈரத் தலையோடு அவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோமா? மாட்டோம். சம்பளமில்லாமல் நின்று முடித்துவிட்டுத்தான் வருவோம். பட்ஜெட் போடுகிறவர்கள் அந்த மனசையும் சேர்த்தே கணக்குப் போடுகிறார்கள் என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

இது நான் கற்பனையாகப் பயப்படுவது இல்லை. 2011 ஜனவரியில் இதே மாநிலத்தில், பற்றாக்குறையைக் காரணம் காட்டி, வீட்டுப் பராமரிப்பு மணி நேரத்தைச் சராசரியாக 10 சதவீதம் குறைத்தார்கள். பராமரிப்பு பெறுகிறவர்களும் தொழிற்சங்கமும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். மத்திய அரசின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த டிசம்பரில் அவர்கள் பக்கம் நின்றது: ஒருவரை வீட்டில் இருந்து நர்சிங் ஹோமுக்குத் தள்ளும் ஆபத்து இருந்தாலே போதும், அவர் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. நல்ல தீர்ப்பு. ஆனால் வழக்கு நடந்த அந்த மாதங்களில் குறைந்துபோன குளியலை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஏன் எப்போதும் எங்கள் மேலேயே கை வைக்கிறார்கள் என்று கேட்டால், பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 1965-இல் மெடிகெய்ட் வந்தபோது நர்சிங் ஹோம் செலவை மாநிலங்கள் கொடுத்தே ஆக வேண்டும் என்று எழுதினார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற சேவைகளில் பெரும்பகுதி பிற்பாடு, ‘மாநிலம் விரும்பினால்’ என்ற வகையில் வந்து சேர்ந்தது. கட்டாயமானதை வெட்ட முடியாது, விருப்பமானதை வெட்டலாம். எல்லோரும் வீட்டில்தான் இருக்க ஆசைப்படுகிறார்கள், சட்டமோ அந்த வீட்டைத்தான் விருப்பப் பட்டியலில் வைத்திருக்கிறது.

இதில் சேமிப்பும் பெரிதாக இல்லை. மெடிகெய்ட் செலவில் குறைந்தது பாதியை மத்திய அரசு தருகிறது. வீட்டிலேயே வைத்துப் பராமரிப்பதற்காக வாஷிங்டன் 2015 முதல் நடத்துகிற கம்யூனிட்டி ஃபர்ஸ்ட் சாய்ஸ் என்ற மெடிகெய்ட் திட்டத்தில் அதற்கு மேல் இன்னும் 6 சதவீதம் சேர்த்துத் தருகிறது. அதாவது ஒரு டாலர் பராமரிப்பில் மாநிலத்தின் பங்கு 44 சென்ட், மத்திய அரசின் பங்கு 56 சென்ட். தன் 44 சென்ட்டை மிச்சம் பிடிக்க, வரவேண்டிய 56 சென்ட்டை மாநிலமே வேண்டாம் என்று சொல்கிறது. அப்புறம் அந்த அம்மா படுக்கைப்புண்ணோடு ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து நர்சிங் ஹோமுக்கும் போனால், அந்தப் பில்லைக் கட்டாயமாகக் கட்டத்தான் வேண்டும்.

இப்போது நிலைமை இன்னும் இறுகியிருக்கிறது. 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான மத்தியச் சட்டத்தால் பத்து ஆண்டுகளில் மெடிகெய்ட்டுக்கான மத்திய அரசுச் செலவு 900 பில்லியன் டாலருக்கு மேல் குறையும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமே கணக்குக் கொடுத்தது. மேலே தண்ணீரை அடைத்தால் கடைமடையில் இருக்கிற வயல்தானே முதலில் காயும்? அந்தக் கடைமடையில்தான் நாங்கள் இருக்கிறோம்.

சரி, நமக்கென்ன என்று சிலர் நினைப்பது எனக்குத் தெரியும். ‘மெடிகெய்ட் ஏழைகளுக்கு, நமக்கு மெடிகேர் இருக்கிறது.’ இந்தக் குழப்பத்தை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். மெடிகேர் என்பது முதியவர்களுக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு, நீண்ட காலப் பராமரிப்புக்கு அது பணம் தராது. ஆஸ்பத்திரியில் இருந்து வெளியே வந்ததும் மருத்துவத் தேவைக்காக நர்சிங் ஹோமில் அதிகபட்சம் 100 நாள், அதிலும் 20 நாளுக்குப் பிறகு உங்கள் கையில் இருந்தும் கட்ட வேண்டும். தினமும் குளிப்பாட்டி, சோறூட்டி, கழிப்பறைக்கு அழைத்துப்போக ஆள் வேண்டும் என்றால் அது மெடிகேரில் கிடையாது.

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 2023 ஜூலையில் இருந்து, மாநிலத்தின் நீண்ட காலப் பராமரிப்புக் காப்பீடான டபிள்யூஏ கேர்ஸுக்கு என்று 0.58 சதவீதம் பிடிக்கிறார்கள். (2021-இல் தனியார் காப்பீடு எடுத்து விலகியவர்கள், தற்காலிக விசாவில் இருப்பதால் விலக்குப் பெற்றவர்கள் தவிர.) 2024 நவம்பரில் இதை ஆட்டம் காணவைக்க வந்த முன்மொழிவை மக்கள் ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தார்கள், அதற்காக நானும் வீடு வீடாகக் கதவு தட்டினேன். நல்ல திட்டம். ஆனால் வாழ்நாளுக்கு 36,500 டாலர் என்றுதான் அது தொடங்கியது. மணிக்கு 40 டாலர் என்று வைத்து, நாளைக்கு நாலு மணி நேரம் ஆள் வைத்தால் ஏழரை மாதத்தில் தீர்ந்துவிடும். பக்கவாதம் வந்தவர் ஏழரை மாதத்துக்குப் பிறகும் இருப்பார். சேமிப்பும் கரைந்தபின் பெரும்பாலான குடும்பங்கள் வந்து நிற்கிற இடம் மெடிகெய்ட்தான்.

கிரீன் கார்டில் வந்த அம்மா அப்பாவுக்குப் பெரும்பாலும் ஐந்து வருடம் ஆகாமல் மத்திய அரசின் மெடிகெய்ட் கிடைக்காது. 1996-இல் போட்ட சட்டம் அது. அந்த ஐந்து வருடத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிற குடும்பங்கள் நம் நடுவிலேயே இருக்கின்றன. மருமகளோ மகளோ வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து வருடம் முடிந்து அவர்கள் விண்ணப்பிக்கும் நாளில் மணி நேரம் மிஞ்சியிருக்க வேண்டுமே என்பதும் என் கவலைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் நாளாக இருக்கிறது. ஒரு விருந்தில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். ‘டயபர் எல்லாம் மாற்றணுமா?’ என்று கேட்டுவிட்டு அந்த அம்மணி பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் யார் கை எதைத் தொடுகிறது என்பதை வைத்து வேலைக்கும் ஆளுக்கும் மதிப்புப் போடுகிற பழக்கத்தை நாம் ஊரில் இருந்தே எடுத்து வந்திருக்கிறோம். இந்த நாட்டிலும் அது உண்டு. 1938-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது வீட்டு வேலைக்காரர்களுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் அதில் இடமில்லை. தென் மாநிலங்களில் அந்த இரண்டு வேலையையும் செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 1974-இல் வீட்டு வேலைக்காரர்களைச் சேர்த்தபோதும், முதியவர்களுக்கு ‘துணையாக இருப்பவர்கள்’ என்று பெயர் வைத்து எங்களை வெளியே விட்டார்கள். ஈவ்லின் கோக் என்ற ஜமைக்காப் பெண்மணி நியூயார்க்கில் இதே வேலையைச் செய்து, ஓவர்டைம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 2007-இல் தோற்றார். விதி மாறி நடைமுறைக்கு வர 2015 ஆயிற்று. 2025 ஜூலையில் அந்த விதியையும் திரும்பப் பெறலாம் என்று மத்தியத் தொழிலாளர் துறை முன்மொழிந்தது.

வாஷிங்டனில் எங்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு இருக்கிறது என்றால் அது தானாக வந்ததில்லை. தனித்தனி வீட்டில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் வேலை செய்தவர்கள் கையெழுத்து வாங்கி, 2001 நவம்பரில் முன்மொழிவு 775-ஐ மக்கள் ஓட்டில் ஜெயிக்கவைத்தார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலத்தோடு உட்கார்ந்து கூலி பேசும் உரிமை வந்தது. இன்றைக்கும் ஒலிம்பியா படிக்கட்டில் சோமாலி, வியட்நாமிய, உக்ரைனிய, பிலிப்பினோ அக்காமார்களோடு நான் நிற்கிறேன். தமிழில் பேச எனக்குப் பக்கத்தில் ஆளில்லை.

நீங்கள் செய்யக்கூடியது சுலபம். கீழவையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவும் மேலவையின் நிதிக் குழுவான வேஸ் அண்ட் மீன்ஸ் குழுவும் பட்ஜெட்டை விசாரிக்கும்போது, சட்டமன்ற இணையதளத்தில் போய் ஆதரவா எதிர்ப்பா என்று பெயரைப் பதியலாம். கூட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பு வரை பதியலாம். ஓட்டுரிமை இருக்க வேண்டும் என்பதில்லை. ஜூமில் இருந்தே பேசவும் செய்யலாம். பராமரிப்பு மணி நேரத்தை வெட்டாதீர்கள் என்று ஐந்நூறு தமிழ்ப் பெயர்கள் அந்தப் பட்டியலில் வந்தால், குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் கட்டாயம் கவனிப்பார்கள். உங்கள் மாவட்டத்து உறுப்பினர்கள் பெல்வியூ, ரெட்மண்ட், பாத்தல் பக்கம் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள்தானே.

மேடையில் கொடுக்கும் பத்து நிமிடத்தில் நான் அரசியல் பேசிக்கொண்டிருக்க மாட்டேன். டிரான்ஸ்ஃபர் பெல்ட்டை எடுத்து வருகிறேன். யாராவது ஒருவர் நாற்காலியில் உட்காருங்கள், முதுகு பிடித்துக்கொள்ளாமல் ஒருவரை எப்படி எழுப்புவது என்று காட்டுகிறேன். ஊரில் அப்பாவைத் தனியாகத் தூக்கிக்கொண்டிருக்கிற உங்கள் அம்மாவுக்கு அன்று ராத்திரியே வீடியோ காலில் சொல்லிக்கொடுக்கலாம். அது முடிந்ததும் வாசல் மேசைக்கு வந்து, போனை எடுத்து, அந்தப் பதிவை எப்படிச் செய்வது என்று என்னோடு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விழா எந்த நாளில் வைத்தாலும் சரி. என் நேரத்தை மட்டும் பதினோரு மணிக்கு மேல் போட்டுக் கொடுங்கள். அதற்கு முன்னால் அந்த அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு வர வேண்டும்.

அன்புடன்,
ரென்டனில் இருந்து ஒரு பராமரிப்புப் பணியாளர்