மரத்துப்போன உதடு

அன்புள்ள மலர்,

உன் கடிதம் நேற்று வந்தது. ஞானப்பல் பிடுங்கி மூன்று வாரமாகியும் கீழுதடும் முகவாயும் மரத்தே கிடக்கின்றன, தண்ணீர் குடித்தால் ஓரத்தில் வழிவதுகூடத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மனசு உன்னிடமே இருக்கிறது.

உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. போன வருடம் கீழ்க் கடைவாய்ப்பல்லில் ரூட் கெனால் செய்யப் போயிருந்தேன். ஊசி போட்டுச் சில நிமிடம்தான் இருக்கும், வலது கண்ணை மூட முடியவில்லை. கைக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிச் சிரித்துப் பார்த்தேன். இடது உதடு மேலே ஏறியது, வலது பக்கம் அப்படியே தொங்கியது. பக்கவாதம்தான் என்று நினைத்து உடம்பே சில்லிட்டுப் போனது. டாக்டர் இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், பேசச் சொன்னார், நெற்றியைச் சுருக்கச் சொன்னார். பாதி நெற்றிதான் சுருங்கியது. பக்கவாதமென்றால் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடுமாம். ஊசி கொஞ்சம் பின்னால் போய், காதுக்கு முன்னால் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியில் மருந்து இறங்கியிருக்கிறது. முகத்தை அசைக்கும் ஏழாம் நரம்பு அதற்குள் புகுந்துதான் போகிறது. கண் காய்ந்துவிடாமல் சொட்டு மருந்து விட்டு, இமையை மூடிப் பிளாஸ்திரி ஒட்டினார். மூன்று மணி நேரத்தில் இமை மெல்ல அசைந்தது. அந்த நிமிடம் அழுதுவிட்டேன், மலர்.

உன்னுடையது வேறு. உனக்கு முகம் அசைகிறது, உணர்ச்சிதான் இல்லை. அந்த உணர்ச்சியைத் தருவது ஐந்தாம் நரம்பின் கிளை. கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஓடி, முகவாய்ப் பக்கம் ஒரு துளை வழியாக உதட்டுக்கு வருகிறது. பல்லின் வேர் அதை ஒட்டியிருந்தால் பிடுங்கும்போது நசுங்கலாம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்ச்சி திரும்பிவிடுகிறது. நரம்பிழை அறுந்திருந்தால் அது வளர்வதே ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுக்கிறது என்றாயே, அது பெரும்பாலும் நரம்பு விழிக்கிறதற்கு அடையாளம்.

ஆனாலும் "சரியாகிவிடும்" என்ற ஒரு வார்த்தையோடு உன்னை அனுப்பிவைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. நீ ஒன்று செய். கண்ணை மூடிக்கொண்டு பஞ்சு நுனியால் யாரையாவது தொடச் சொல். மரத்த இடத்தின் எல்லையைப் பேனாவால் வரைந்து படமெடுத்து வை. இரண்டு வாரம் கழித்து மறுபடி பார். எல்லை சுருங்கவில்லை, அல்லது ஷாக் அடிக்கிற மாதிரி வலி வருகிறது என்றால் தாடை அறுவை நிபுணரிடம் போய்விடு. நரம்பைச் சரிசெய்ய வேண்டியிருந்தால் முதல் சில மாதங்கள் முக்கியம். அதுவரை சூடானதைப் பார்த்துக் குடி, உதட்டைக் கடித்துக்கொண்டாலும் உனக்குத் தெரியாது.

அப்புறம், அபூர்வமாகச் சிலருக்குப் பல் வைத்தியம் முடிந்து சில நாள் கழித்தும் வாய் கோணுவதுண்டு. உள்ளே உறங்கிக் கிடந்த வைரஸ் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அப்படி எதுவும் தெரிந்தால் விடியட்டும் என்று இருக்காதே, நேராக அவசர சிகிச்சைக்குப் போ. பக்கவாதமா என்று அங்கே பார்த்துவிடுவார்கள். முகநரம்புதான் என்றால் ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.

வரைந்த படத்தை எனக்கும் அனுப்பு. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நானும் கூட வருகிறேன். தேதியை மட்டும் எழுது.

உன்
கலா