உண்ணிக் காய்ச்சலுக்கு உண்ணி காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உண்ணிக் காய்ச்சல் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட செய்தியைப் படித்தேன். அறிகுறிகளைச் சரியாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் மேலே ரத்தம் குடித்து உப்பிய நாய் உண்ணி ஒன்றின் படத்தைப் போட்டிருந்தீர்கள். அந்தப் படத்துக்காகவும் அந்தப் பெயருக்காகவும்தான் இந்தக் கடிதம்.

நான் முப்பது ஆண்டுகள் கால்நடை ஆய்வாளராக இருந்தவன். மாட்டின் காதுமடலிலும் மடியிலும் ஆமணக்குக் கொட்டை போலத் தொங்கும் உண்ணிகளை எவ்வளவோ பிடுங்கியிருக்கிறேன். உண்ணி கடித்து மாட்டுக்குத் தைலீரியா வருவதும், பபீசியா வந்து சிறுநீர் காபி நிறத்தில் போவதும் எனக்கு அன்றாடம் பார்த்த விஷயங்கள். அதனால்தான், இரண்டு வருடத்துக்கு முன் மார்கழியில் என் அண்ணிக்குக் காய்ச்சல் வந்து, பக்கத்து வீட்டில் "உண்ணிக் காய்ச்சலா இருக்கப்போகுது" என்றதும் நேரே தொழுவத்துக்குப் போனேன். இரண்டு மாடு, ஒரு நாய். முடியை விலக்கி விலக்கிப் பார்த்தேன். ஒரு உண்ணி கிடையாது. "அப்படின்னா இது அதில்லை" என்று நான் சொல்ல, வீட்டில் எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

ஆறு நாள் போயிற்று. ஒரு கிளினிக்கில் தினமும் ஊசி போட்டார்கள், காய்ச்சல் இறங்கவில்லை. ஏழாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே உடை மாற்றிவிட்ட செவிலியர்தான், "அம்மா, இங்கே ஏதாவது சூடு பட்டுச்சா?" என்று கேட்டார். பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு, அதைச் சுற்றிலும் சிவப்பு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அண்ணிக்குத் தெரியாது. அன்று இரவே டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்கினார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது.

மருத்துவர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்று சொல்லும் இந்த நோயை உண்ணி பரப்புவதில்லை. பரப்புவது புதர்களிலும் புல்லிலும் இருக்கும் ஒரு நுண்சிலந்தியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் கால்பங்குதான் இருக்கும், கண்ணுக்குத் தட்டுப்படாது. புல் நுனியில் ஏறி எலிக்காகக் காத்திருக்கும். மனிதர் போனாலும் தொற்றிக்கொள்ளும். துணி இறுக்கும் இடம், அக்குள், தொடை இடுக்கு என்று மெல்லிய தோலைத் தேடிப் போய்க் கடிக்கும். ரத்தம் குடிப்பதில்லை, தோலைக் கரைத்து அந்தச் சாற்றை உறிஞ்சும். இரண்டு மூன்று நாளில் விழுந்துவிடும். அப்புறம் வளர்ந்து மண்ணிலேயே வாழும், யாரையும் கடிக்காது. நோய்க்கிருமி தாய்ச் சிலந்தியிடமிருந்து முட்டைக்கே போய்விடுவதால் குஞ்சு பிறக்கும்போதே கிருமியோடு பிறக்கிறது. கடித்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும் என்பதால், எங்கே போய்வந்தோம் என்பதே நினைவில் இருக்காது. அண்ணி தினமும் ஏரிக்கரைப் புதரோரம் மாட்டுக்குப் புல் அறுத்தவர், துவைத்த துணியைப் புதர்மேலேயே உலர்த்தியவர். நான் பார்க்க வேண்டிய இடம் தொழுவம் அல்ல, அந்தப் புதர்.

உண்மையாகவே உண்ணியால் வரும் காய்ச்சல்கள் வேறு இருக்கின்றன. 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் அப்படிப்பட்டது. அது வைரஸ் நோய், அதற்கு டாக்ஸிசைக்ளின் கேட்காது. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் மக்கள் என்ன செய்வார்கள்? எங்கள் தெருவில் ஒருவர், உண்ணிக் காய்ச்சல் செய்தியைப் படித்த பயத்தில், வளர்த்த நாயைக் கொண்டுபோய்ப் பக்கத்து ஊரில் விட்டுவிட்டு வந்தார். எனக்கு மனசே ஆறவில்லை.

ஸ்க்ரப் என்றால் புதர்தானே. 'புதர்க் காய்ச்சல்' என்று எழுதுங்கள். எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடும். மழைக்காலம் முடிந்து பனிக்காலம் தொடங்கும் இந்த மாதங்களில்தான் இது நம் பக்கம் அதிகம் வருகிறது.

பென்சிலின் வகை, செஃபலோஸ்போரின் வகை ஊசிகள் இதற்குக் கேட்பதில்லை. கிருமி நம் உயிரணுவுக்குள்ளேயே குடியிருப்பது. டாக்ஸிசைக்ளின் விலை குறைந்த பழைய மருந்து. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தருகிறார்கள். நோய் முற்றியவர்களுக்கு இவ்விரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால் பலன் கூடுதல் என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. அது நம் நாட்டு மருத்துவமனைகளில், ஏறத்தாழ 800 நோயாளிகளிடம் நடந்தது. இவ்வளவு கையில் இருந்தும் நோய் இன்னதென்று தெரியாமல் நாள் கடந்துபோவதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெண்கள் கூச்சப்பட்டு உடம்பைக் காட்டுவதில்லை, அவசரத்தில் இருக்கும் மருத்துவரும் கேட்பதில்லை. கடித்த இடத்தில் உண்டாகும் அந்தக் கருப்புப் பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அது இல்லையென்றாலும், காய்ச்சல் நீடித்தால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அடுத்த முறை இந்தச் செய்தி வரும்போது நாய் உண்ணியின் படம் வேண்டாம். அந்தக் கருப்புப் பொருக்கின் படத்தைப் போடுங்கள், கொஞ்சம் பெரிதாகவே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்