குண்டு போய் விழுந்த தூரமும் ஒரு பழைய சொல்லும்

கடலூர், புதுப்பாளையம்.

அன்புள்ள வசந்தாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மூட்டு வலி தணிந்து, கைப்பிடியைப் பிடிக்காமலே மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. பாரிஸில் இருக்கும் மகளிடம் போய் மூன்று மாதம் தங்கிவரக் கடவுச்சீட்டும் வாங்கிவிட்டாய். நீ கிளம்புவதற்குள் இந்தக் கடிதம் முத்தியால்பேட்டைக்கு வந்துசேர வேண்டும் என்பதற்காக, இன்று மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். கடவுச்சீட்டில் குடியரசுத் தலைவரின் பெயரால் அச்சிட்டிருக்கும் வேண்டுகோளில் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று வருகிறதே, 'லெட்' என்றால் அனுமதிப்பது அல்லவா, அனுமதியும் இல்லாமல் தடையும் இல்லாமல் போக விடுங்கள் என்று எழுதினால் அதற்கு என்ன பொருள் என்று கேட்டிருந்தாய். பழைய ஆங்கிலத்தில் உருவத்தால் நெருங்கிய இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. ஒன்றுக்கு விடுதல் என்று பொருள். மற்றொன்றுக்குத் தடுத்தல் என்று பொருள். நாளடைவில் இரண்டும் ஒலியிலும் எழுத்திலும் ஒன்றாகிவிட்டன. விடு என்பதற்கும் தடு என்பதற்கும் ஒரே சொல் என்றால் பேச்சு நடக்காது. ஆகவே தடுத்தல் என்ற பொருள் வழக்கிலிருந்து ஒதுங்கி, இத்தகைய சட்டத் தொடர்களில் மட்டும் தங்கிவிட்டது என்றே சொல்லலாம். நம்முடைய 'தங்குதடையின்றி' என்பதுதான் அந்தத் தொடருக்கு அச்சாகப் பொருந்தும் தமிழ்.

பழைய ஆங்கிலச் சொற்களைப் பற்றி நான் முப்பது ஆண்டு வேலையில் கண்டறிந்தது ஒன்று உண்டு. முன்பின் தெரியாத சொல்லால் பெரிய கெடுதல் வருவதில்லை. பழைய பத்திரத்தில் 'மெசுவேஜ்' என்று வந்தால், யாரும் உடனே அகராதியை எடுத்து, வீடும் அதைச் சேர்ந்த கொட்டகையும் தோட்டமும் அடங்கிய மனை என்று தெரிந்துகொள்வார்கள். 'மொய்ட்டி' என்று வந்தால் சரிபாதி என்று பார்த்து எழுதிக்கொள்வார்கள். நாளும் பழகிய முகத்தோடு வந்து, உள்ளே வேறு பொருளை வைத்திருக்கும் சொல்தான் நம்மைக் கவிழ்த்துவிடுகிறது. தெரிந்த சொல்லுக்கு யாரும் அகராதி புரட்டுவதில்லை அல்லவா?

மஞ்சக்குப்பத்தில் வழக்கறிஞர் ஒருவரிடம் நான் மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நடந்ததை உனக்குச் சொன்னதாக நினைவில்லை. கடைக் கட்டடம் ஒன்றைப் பற்றிய குத்தகை வழக்கு. வேறோர் இடத்தில் செய்துவந்த தமிழ்ப் படியில், 'இறந்தவரின் கட்டடம்' என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. மூலத்தில் இருந்தது 'டிமைஸ்ட் பிரெமிசஸ்'. கட்டடத்தின் சொந்தக்காரரான எண்பது வயதுப் பெரியவர் எங்கள் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், மகன் படித்துக்காட்டிக்கொண்டிருந்தான். மூன்றாம் முறை அந்தச் சொல் வந்தபோது பெரியவர் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கி, கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னை ஏம்மா செத்தவன்னு எழுதியிருக்காங்க?" என்று என்னைக் கேட்டார். அவர் கையில் காகிதம் நடுங்கியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. 'டிமைஸ்' என்பதற்குச் சட்டத்தில் உள்ள பொருள், உரிமையைக் கைமாற்றிக் கொடுத்தல், குத்தகைக்கு விடுதல் என்பது. அரசன் இறந்தால் முடியுரிமை அடுத்தவருக்குக் கைமாறும். அந்தக் கைமாற்றத்துக்கு வழங்கிய சொல் பிறகு அந்தச் சாவுக்கே பெயராகி, கடைசியில் எல்லோருடைய சாவுக்கும் பெயராயிற்று. நாம் செய்தித்தாளில் பார்ப்பது இந்தக் கடைசிப் பொருளை மட்டுமே. மொழிபெயர்த்தவர் அறிந்ததும் அவ்வளவுதான்.

'நோ ஆல் மென் பை தீஸ் பிரசன்ட்ஸ்' என்று பத்திரங்கள் தொடங்குமே, அதில் வரும் 'பிரசன்ட்ஸ்' என்பதைப் பரிசுகள் என்று எழுதியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். கையில் உள்ள இந்த ஆவணம் என்பதே அதன் பொருள். 'இண்டென்ச்சர்' என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே தோலில் உடன்படிக்கையை இரண்டு முறை எழுதி, நடுவில் பல் பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதியாக வைத்துக்கொள்வார்கள். பிற்பாடு வழக்கு வந்தால் இரண்டு பாதியின் பற்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். பல்லைக் குறிக்கும் லத்தீன் சொல் அதற்குள் இருக்கிறது. தமிழில் 'முறி' என்பதற்குத் துண்டு என்றும் பொருள் உண்டு, பத்திரம் என்றும் பொருள் உண்டு. இலங்கைத் தமிழர்கள் இன்றும் அரசுக் கடன் பத்திரத்தைத் திறைசேரி முறி என்கிறார்கள். இவ்விரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு உண்டாகும் மகிழ்ச்சியை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்!

இப்போது உனக்குச் சொல்லியே தீர வேண்டிய செய்தி. பேத்தி கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். கடலூரைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும் என்று பழைய சிறுநூல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் 1690இல் வாங்கிய கதை அதில் இருந்தது. செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து கோட்டையோடு, அங்கிருந்து பீரங்கியின் 'ரேண்டம் ஷாட்' எட்டும் எல்லைக்குள் உள்ள ஊர்களும் விலைக்கு வந்தன என்பது பேச்சு. அந்தத் தொடரை நூல் இப்படித் தமிழாக்கியிருந்தது: 'குறியின்றிக் கண்டபடி சுட்ட குண்டு'. பேத்தி அதைப் படித்துவிட்டு, "ஊரை அளக்கிறதுக்குக் கண்ணை மூடிக்கிட்டா சுட்டாங்க பாட்டி?" என்றாள்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. இன்றைய ஆங்கிலத்தில் 'ரேண்டம்' என்றால் நோக்கமின்றி, வாய்த்தபடி என்றுதான் பொருள். அந்தக் காலத்துப் பீரங்கிக்காரர்களிடம் அதற்கு வேறு பொருள். குழாயைத் தரைக்கு இணையாக நேரே வைத்துச் சுடுவது ஒரு வகை. வாயை மேலே உயர்த்திக் குண்டை வளைவாகத் தொலைவுக்கு அனுப்புவது மற்றொரு வகை. உயர்த்திச் சுடும்போது குண்டு எட்டும் நெடுந்தூரமே 'ரேண்டம்'. வேகமாகப் பாய்தல் என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. தூரத்தில் விழும் குண்டு குறிப்பிட்ட புள்ளியில் விழும் என்று சொல்ல முடியாது. குறி இல்லாமை என்ற இன்றைய பொருள் அந்தப் பக்கத்திலிருந்து வளர்ந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆகவே அந்தத் தொடரை நான் 'பீரங்கியின் முழு வீச்சு' என்று தமிழாக்குவேன்.

அப்படி மாற்றிப் படித்தால் கதையே மாறிவிடுகிறது. எலிஹு யேல் சென்னையில் ஆளுநராக இருந்த காலம். இருந்ததில் நல்ல பித்தளைப் பீரங்கியைத் தேர்ந்து சென்னையிலிருந்து அனுப்பினார்கள். செப்டம்பர் மாதத்தில் அதை நாலா திசையும் திருப்பிச் சுட்டார்கள். குண்டு விழுந்த தூரம் வரை இருந்த ஊர்கள், கடலூர்ப் பட்டணம் உட்பட, ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் அதனால் வந்தது; நம் குண்டு உப்பளவாடியின் பெயரிலும் அந்தக் குண்டுதான் இருக்கிறது என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். கண்டபடி சுட்டதாக எழுதினால், அது வேடிக்கையான, பொறுப்பற்ற செயலாகத் தோன்றுகிறது. முழு வீச்சு என்று எழுதும்போதுதான், எவ்வளவு தூரம் எட்ட முடியுமோ அவ்வளவு தூரம் எட்ட வேண்டும் என்று திட்டமிட்டு, நல்ல பீரங்கியைத் தேடிக் கொண்டுவந்தவர்களின் கணக்கு வெளிப்படுகிறது. மண்ணை இழந்தவர்களின் வாரிசுகள் நாம். அந்தக் கணக்கை மறைக்கும் மொழிபெயர்ப்பை நாமே செய்துகொள்ளலாமா?

மறுநாள் மாலை பேத்தியை அழைத்துக்கொண்டு தேவனாம்பட்டினத்துக்குப் போனேன். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளிய பிறகு மிஞ்சியது சிதைவுதான். கெடிலத்துப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் சிதைந்த செங்கல் சுவரின் மேல் கைவைத்து நின்று, நகரத்துப் பக்கம் விரலை நீட்டி, "அங்க வரைக்குமா?" என்று கேட்டாள். பிறகு விரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். பீரங்கியின் வாயை உயர்த்துவது என்றால் என்ன என்பதை நான் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கம்பெனிக் காலத்துத் தாள்களைப் படிக்கிறவர்கள் விழிப்போடு இருக்க வேண்டிய சொற்கள் இன்னும் உண்டு. 'ஃபாக்டரி' என்பது அங்கே தொழிற்சாலை ஆகாது. வணிக முகவர் தங்கிச் சரக்கு வாங்கி வைக்கும் பண்டகசாலை அது. 'ரைட்டர்' என்பவர் கடைநிலைக் குமாஸ்தா. 1744இல் சென்னைக்கு வந்திறங்கிய ராபர்ட் கிளைவும் 'ரைட்டர்' தான். பன்னிரண்டு ஆண்டில் இதே தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு அதிபதியானார். கணக்கில் 'கேஷ்' என்று ஒரு பத்தி இருக்கும். ரொக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. அது நம் காசு. தமிழ்ச் சொல்லே ஆங்கில உடை உடுத்திக்கொண்டு நிற்கிறது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்பது அன்றைய சென்னைக் கணக்கு. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது; இரண்டுக்கும் உறவே இல்லை.

இவையெல்லாம் ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய கோளாறு என்று உன் மாணவிகளிடம் சொல்லிவிடாதே. ஆண்டாள் 'கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ' என்று பாடியபோது நாறுதல் மணத்தல். இன்று அந்தச் சொல்லை ஒருவர் வீட்டுப் பூசையறையில் சொல்ல முடியுமா? ஆங்கிலத்து 'ஸ்டிங்க்' என்ற சொல்லும் முற்காலத்தில் நல்ல மணத்துக்கும் வழங்கியது. சங்கப் பாட்டில் கிழவன் என்றால் உரிமையுடைய தலைவன். இன்று வயதானவரை அப்படிச் சொன்னால் சண்டைக்கு வருவார். நாறுதலை ஆண்டாளின் காலத்துப் பொருளில் படிக்க நம் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாம், 1690ஆம் ஆண்டுத் தாளை இன்றைய பொருளில் படிப்பது முறையாகாது.

உன்னிடம் பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் சுருக்கப் பதிப்பு இருக்கிறது. கிளம்புமுன் அதைப் பேத்திக்கு இரவல் தர முடியுமா? அதில் பழைய பொருள் முதலிலும் புதிய பொருள் பின்னாலும் வரும் என்பதால், எந்த நூற்றாண்டின் தாளைப் படிக்கிறோமோ அந்த நூற்றாண்டின் பொருளில் நின்று படிக்க அவளைப் பழக்கலாம் என்று பார்க்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அவளே பேருந்தில் வந்து வாங்கிக்கொள்வாள். பண்ணுருட்டிப் பலாச்சுளை கொஞ்சம் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு வேலை உனக்கும் வைத்திருக்கிறேன். 'ரேண்டம்' பிறந்த அதே பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழியில் இன்றைய பிரெஞ்சில் 'ராந்தொன்னே' என்று ஒரு சொல் இருக்கிறது. காட்டுவழியிலும் மலைவழியிலும் நிதானமாக நெடுந்தூரம் நடப்பதற்கு அந்தப் பெயர். பாய்ந்தோடுவதைக் குறித்த சொல் அங்கே நடையாகவும், ஆங்கிலத்தில் பீரங்கி வீச்சாகவும் ஆகியிருக்கிறது. பாரிஸுக்கு வெளியே மகளோடு போகும்போது அந்தச் சொல் எழுதிய பலகை எங்கேனும் கண்ணில் பட்டால், மூட்டு இடம் கொடுக்கிற வரை அந்த வழியில் நடந்துவிட்டு, எவ்வளவு தூரம் போனாய் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
சரோஜா