டயர் விஷயமாக மாப்ளைக்கு

ஸ்கார்பரோ, கனடா,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். கட்டு அவிழ்த்த மறுவாரமே பேப்பரில் மணமகள் தேவை விளம்பரம் வரைக்கும் படித்து, உன் பையனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை வீட்டில் இரண்டு முறை சத்தமாக வாசித்துக் காட்டினேன். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். அவர் கையால் அரிசிப்பருப்புச் சாதம் சாப்பிட்டு ஆறு வருஷமாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்.

இங்கே இன்னும் பனி விழவில்லை. ஆனாலும் போன சனிக்கிழமையே குளிர்கால டயரை மாட்டிவிட்டேன். முதல் பனி விழுந்த அன்று டயர் கடை வாசலில் நிற்கிற வரிசையைப் பார்த்தால் நம்மூர் ரேஷன் கடை தேவலை. முழங்கால் பழையபடிதான். நாலாவது சக்கரம் கழற்றும்போது தரையில் உட்கார்ந்துவிட்டு, எழுந்திருக்கக் காரையே பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பெண் வாட்டர்லூவில் படிக்கப் போய்விட்டாள். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. அந்த அமைதிதான் உனக்கு இத்தனை நீளமாக எழுத வைக்கிறது, பொறுத்துக்கொள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பையன் செகண்ட் ஹேண்டில் ஆடி டிடி வாங்கியிருக்கிறான் (ஆடித் தள்ளுபடியிலா?), நாலு சக்கரமும் இழுக்கிற குவாட்ரோ. இப்போது நாலிலும் 245/40 ஆர்18 சைஸ் டயர். பின்னால் மட்டும் 255/40 போட்டால் கார் பின்பக்கம் எடுப்பாக இருக்கும், ஒரு சைஸ்தானே கூடுகிறது என்று கடைக்காரர் சொல்கிறார். இதுதானே நீ எழுதியது? கடைக்காரர் அகலத்தைப் பார்த்துச் சொல்கிறார் மாப்ள. நாலு சக்கரமும் இழுக்கிற காரில் முதலில் பார்க்க வேண்டியது சுற்றளவு.

உனக்கு இதைப் புத்தகம் போட்டு விளக்க வேண்டியதில்லை. உங்க அப்பாவின் மஹிந்திரா ஜீப் ஞாபகம் இருக்கிறதா? ஹாஸ்டல் லீவில் வால்பாறை எஸ்டேட்டுக்குப் போனோமே, சேற்றில் ஏறுவதற்காக ஃபோர் வீல் லீவரைப் போட்டுவிட்டு, தார் ரோட்டுக்கு வந்த பிறகும் எடுக்க மறந்து கொண்டை ஊசி வளைவில் திருப்பினாய். ஸ்டீயரிங் கல் மாதிரி இறுகி, ஜீப் தவளை மாதிரி தத்தித் தத்திப் போனது. அப்பா பின்னாலிருந்து உன் தலையில் ஒன்று வைத்தார். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். அந்த ஜீப்பில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே, இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் கிடையாது, இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். சேற்றில் டயர் வழுக்கி அந்தக் கணக்கை நேர் செய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க முடியாது, முறுக்கு ஏறும். ஷாஃப்ட், பல், ஜாயிண்ட் எல்லாவற்றிலும் ஏறும்.

இப்போது வருகிற கார்களில் நடுவில் டிஃபரன்ஷியலோ கிளட்சோ வைத்து அந்த முறுக்கை அவிழ்த்துவிடுகிறார்கள். ஆனால் அது வளைவில் திரும்புகிற சில நொடிகளுக்காகச் செய்த ஏற்பாடு. முன்னும் பின்னும் சுற்றளவு வேறான டயர் போட்டால் நேர் ரோட்டிலும் அதே வேலையை அது நிறுத்தாமல் செய்துகொண்டிருக்க வேண்டும். உன் பட்டறையில் ஒரு மெஷினை நாள் முழுக்க அரை கிளட்சில் ஓட்டுவாயா?

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், பேனாவை எடு. 245/40 ஆர்18 என்றால் அகலம் 245 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 40, அதாவது 98. மேலும் கீழும் சேர்த்து 196. ரிம் 18 அங்குலம், 457.2. மொத்த விட்டம் 653.2. கடைக்காரர் சொல்லும் 255/40-க்கு இதே கணக்கைப் போடு: பக்கச் சுவர் 102, இரண்டுக்கும் 204, மொத்தம் 661.2. அந்த 40 என்பது அகலத்தில் சதவீதம் என்பதால் அகலம் கூடினால் உயரமும் கூடுகிறது, அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். விட்டத்தில் 8 மில்லிமீட்டர் வித்தியாசம், சுற்றளவில் 25. இப்போது 275/35 போட்டுப் பார்: பக்கச் சுவர் 96.25, மொத்த விட்டம் 649.7. வித்தியாசம் வெறும் 3.5! பத்து மில்லிமீட்டர் அகலம் கூட்டினால் எட்டு விலகுகிறது, முப்பது கூட்டினால் மூன்றரைதான் விலகுகிறது. நடுவில் இருக்கிற 265/35 இன்னும் மோசம், 10.5 குறைந்துவிடும்.

எட்டு மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று பையன் கேட்பான். நூற்றுக்கு 1.2. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோமீட்டர் என்று வை. அங்கே போய்ச் சேர்வதற்குள் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட ஏறக்குறைய முக்கால் கிலோமீட்டர் ஓட்டத்துக்கு உண்டான சுற்றுகளை அதிகமாகச் சுற்றியிருக்கும். அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவும் இந்தக் கணக்கில் வராது, அது தனி.

இதை நான் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. காசு கொடுத்துப் படித்தேன். இங்கே வந்த புதிதில் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய சுபாரு இம்ப்ரெஸா கார் ஒன்று வைத்திருந்தேனே, மேனுவல் கியர், 205/55 ஆர்16. ஒரு பின் டயர் பக்கத்தில் கிழிந்துவிட்டது. நாலும் மாற்ற மனசு வரவில்லை. பின்னால் மட்டும் ஜோடியாகப் புதுசு போட்டேன், அதே சைஸ், அதே கம்பெனி. பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன் என்று வேறு நினைத்துக்கொண்டேன். புது டயரின் பட்டன் ஆழம், அதாவது ரோட்டைத் தொடுகிற பக்கத்துப் பள்ளத்தின் ஆழம், எட்டு மில்லிமீட்டர், முன்னால் இருந்த பழசில் நாலு. தேய்ந்த நாலு மில்லிமீட்டர் விட்டத்தில் எட்டு. பார்த்தாயா, உன் பையன் 255 போட்டால் வரப்போகிற அதே எட்டு! அந்தக் காரில் நடு டிஃபரன்ஷியலோடு ஒரு பிசுபிசுப்பான சிலிக்கான் எண்ணெயில் தட்டுகள் சுற்றுகிற கப்ளிங் உண்டு. முன்னும் பின்னும் வேகம் மாறினால் எண்ணெய் சூடாகும், சூடானால் தட்டுகள் இறுகும். எனக்கு அது எந்நேரமும் சூடாகவே இருந்திருக்கிறது. நாலு மாசத்தில் பார்க்கிங்கில் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது உங்க அப்பா ஜீப் மாதிரியே தத்த ஆரம்பித்தது. கப்ளிங் மாற்றிய செலவில் இரண்டு செட் டயர் வாங்கியிருக்கலாம். மெக்கானிக் மேனுவலைத் திறந்து காட்டினார். நாலு டயரும் ஒரே சைஸ், ஒரே மாதிரி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்தக் கம்பெனிக் கார்களுக்கு இங்கே பட்டறைக்காரர்கள் வைத்துக்கொள்ளும் எல்லை, சுற்றளவில் கால் அங்குலம். பட்டன் ஆழத்தில் பார்த்தால் ஒரு மில்லிமீட்டர்தான். ஒற்றை டயர் போனால், புதுசு ஒன்று வாங்கி மற்ற மூன்றின் அளவுக்கு அதைச் சீவிக் கொடுக்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியதைச் சீவுவதா என்று முதலில் எனக்கு வயிறு எரிந்தது.

இதைக் கேட்டதும் பையன் ஒரு கேள்வி தயாராக வைத்திருப்பான். "அப்போ போர்ஷேயில் மட்டும் பின்னால் பெரிய டயர் எப்படிப் போடுகிறார்கள் மாமா?" நியாயமான கேள்விதான். 911 கரேரா 4எஸ் புது மாடலில் முன்னால் 245/35 ஆர்20, பின்னால் 305/30 ஆர்21. விட்டத்தில் 37 மில்லிமீட்டர் வித்தியாசம். அந்த அளவுகளை முதலிலேயே முடிவு செய்து, அதற்கு ஏற்றபடி பல் விகிதத்தையும் முன் பக்கத்துக்குச் சக்தி அனுப்புகிற கிளட்சையும் அமைத்தார்கள். அந்தக் காரில் நாலும் ஒரே டயர் போட்டால்தான் தகராறு. நிஸ்ஸான் ஜிடி-ஆரில் முன்னால் 255/40, பின்னால் 285/35, இரண்டும் ஆர்20. அகலம் முப்பது கூடியும் விட்டம் 4.5 மில்லிமீட்டர்தான் மாறுகிறது. பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் எக்ஸ்டிரைவில் 225/45, 255/40 ஜோடியை 18 அங்குல ரிம்மில் கம்பெனியே கொடுக்கிறது. கணக்குப் போட்டுப் பார், வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். டெஸ்லா மாடல் ஒய் பெர்ஃபாமன்ஸில் 14 மில்லிமீட்டர் விலகியிருந்தும் கவலையே இல்லை. முன்னுக்கு ஒரு மோட்டார், பின்னுக்கு ஒரு மோட்டார், நடுவில் ஷாஃப்டே கிடையாது. முறுக்குவதற்கு ஏதாவது இருந்தால்தானே முறுக்கும்.

டிடியின் சங்கதி வேறு. எஞ்சின் முன்னால் குறுக்கே கிடக்கிறது, முன் சக்கரம்தான் முதலில் இழுக்கும். பின் சக்கரங்களைச் சுற்றுகிற கிரவுன் பல்லுக்கு முன்னால் ஹால்டெக்ஸ் என்று எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டர் அதை அழுத்தும்போது பின் சக்கரத்துக்கும் சக்தி போகும். சின்ன வித்தியாசத்தை அது பொறுத்துக்கொள்ளும், தேய்மானம் என்று ஒன்று இருக்கிறதே. பின் டயர் பெரிதாகிவிட்டால், முன் சக்கரம் எந்நேரமும் கொஞ்சம் வேகமாகச் சுற்றுவதைப் பார்த்து, வழுக்குகிறதோ என்று கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வரும். கிளட்ச் பிடிக்கும்போதெல்லாம் தட்டுகள் உரசிக்கொண்டே இருக்கும், எண்ணெய் கருகும்.

அதைவிட எனக்குப் படுகிற விஷயம் இன்னொன்று. மூக்கில் கனம் உள்ள கார் அது, வளைவில் முன்பக்கம் வெளியே இழுத்துக்கொண்டு போகிற குணம் ஏற்கெனவே இருக்கிறது. பின்னால் பிடிப்பைக் கூட்டினால் அந்தக் குணம் இன்னும் வளரும். அதே ஆடி கம்பெனி ஆர்எஸ்3-இல் என்ன செய்தது தெரியுமா? முன்னால் 265, பின்னால் 245! முன் டயர்தான் அகலம். ஐந்து சிலிண்டர் எஞ்சின் முன் ஆக்ஸிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும்போது பிடிப்பு எங்கே வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பையன் அகல டயரை முன்னால் போடுகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் யோசித்திருப்பேன். பின்னால் என்றால் அது சிக்னலில் பின்னால் நிற்கிறவன் பார்ப்பதற்குத்தான்.

275/35-தான் கணக்கில் ஒத்துவருகிறதே, அதைப் போடுகிறேன் என்பான். அதற்கு ஒன்பதரை அங்குல ரிம் வேண்டும். ஒன்பதில் கட்டலாம், ஆனால் அது கடைசி எல்லை. உள்ளே 15, வெளியே 15 மில்லிமீட்டர் வரும்போது சஸ்பென்ஷனையும் மட்கார்டையும் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும், காலியாக நிற்கும்போது இல்லை, நாலு பேரும் டிக்கியில் மூட்டையும் ஏறிய பிறகு. இது எல்லாம் சரியாக வந்தாலும் முன் டயரையும் பின் டயரையும் இனி மாற்றி மாற்றிப் போட முடியாது. அந்த மாதிரிக் காரில் முன் டயர் சீக்கிரம் தேயும். முதல் நாள் ஒத்துப்போன சுற்றளவு பத்தாயிரம் கிலோமீட்டரில் விலகிப் போயிருக்கும், சரி செய்ய வழி இருக்காது. நாலும் ஒரே அளவாக இருந்தால் மாற்றிப் போட்டே சமன் செய்துவிடலாம்.

ஆகவே என் யோசனை: ஆசை அகலத்தில் என்றால் நாலுக்கும் 255/35 ஆர்19 போடட்டும். அந்த மாடலுக்குக் கம்பெனியே கொடுத்த சைஸ், பார்க்கவும் எடுப்பாக இருக்கும். நம்மூர்க் குழியில் 19 அங்குல ரிம் எத்தனை நாள் வட்டமாக இருக்கும் என்பதை நீயே சொல்.

அதற்கு முன்னால், இப்போது இருக்கிற டயரை அளந்து பார்க்கச் சொல். சைஸ் ஒன்று என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி நிஜ அளவு மாறும், செகண்ட் ஹேண்ட் காரில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று போட்டு விற்றிருப்பார்கள். பட்டன் ஆழத்துக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம், உன் வெர்னியர் காலிப்பரின் வால், அந்த ஆழம் அளக்கிற கம்பி, போதும். டயருக்கு நாலு இடத்தில் அள. பிறகு காற்றைச் சரியாக அடித்து, முன் டயரிலும் பின் டயரிலும் தரையைத் தொடுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, தரையிலும் போட்டு, காரை நேராகத் தள்ளி ஐந்து சுற்று உருட்டி டேப் பிடி. சுமையில் டயர் நசுங்குவதால் ஏட்டுக் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாக வரும், பயப்படாதே. முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் எனக்கு வேண்டும்.

ஐந்து சுற்றுக்கு உன் பட்டறைத் தளம் போதாது, பத்து மீட்டருக்கு மேல் வரும். வெளியே ரோட்டில் வைத்துச் செய். தள்ளுவதற்குப் பையனைக் கூப்பிடு, நீ டேப்பை மட்டும் பிடி, உன் முதுகு எனக்குத் தெரியும். அளவை எழுதி அனுப்பு. ஜனவரியில் பொங்கலுக்கு வர டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கிடைத்தால் வால்பாறைக்கு அந்தக் காரிலேயே போகலாம். நாலு பேர் உட்கார முடியாது என்று நினைக்கிறேன், பின் சீட்டில் நம் வயதில் மடங்க முடியாது. அப்பாவின் ஜீப் இன்னும் இருந்தால் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்