சினை மாட்டுக்கும் விசிறி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பால் உற்பத்தியைப் பெருக்க உயர்ரகப் பசுக்களை இறக்குமதி செய்வது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நல்ல இனம் வரட்டும், சரி, ஆனால் இனம் மட்டும் பால் தராது. மரபணு மாறாமலேயே, அதன்மேல் படியும் மெத்தில் போன்ற வேதிக்குறிகள் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யும் என்பதை மாற்றுகின்றன. இதைத்தான் எபிஜெனிடிக்ஸ் என்கிறார்கள். கன்று ஈனுவதற்கு முந்திய வாரங்களில் வெக்கையில் வாடிய பசுக்களின் மகள்கள் மட்டுமல்ல, பேத்திகளும் குறைவாகவே பால் கறந்தன என்று அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியுள்ளன, அதற்கு இந்தக் குறிகளும் ஒரு காரணமாகலாம் என்கிறார்கள்.

எங்கள் செபராங் பிறை பக்கம் கொட்டகைகளில் நான் பார்ப்பது நேர்மாறு. விசிறியும் நல்ல தீவனமும் கறவை மாட்டுக்கு, பால் வற்றிய சினை மாடோ தகரக் கூரையின் ஓரத்தில், மதிய வெயிலில் நாக்குத் தள்ளி நிற்கும். வருமானம் தராத மாடு என்று ஒதுக்குகிறோம், வயிற்றில் இருப்பது நாளைய கறவை மாடு அல்லவா! கால்நடைச் சேவைத் துறை புது மாடு தரும்போதே சினை மாட்டுக் கொட்டகைக்கு விசிறியும் நீர்த்தெளிப்பானும் வாங்க மானியம் தரட்டும், அப்புறம் கன்றின் பதிவேட்டில் தாய் சினையாய் இருந்த மாதங்களின் வெப்பத்தையும் குறிக்கச் சொல்லட்டும்.

வாசகர்,
புக்கிட் மெர்தாஜம், பினாங்கு