சேற்றை எரிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரையின் அவனியாபுரம், சக்கிமங்கலம் சுத்திகரிப்பு நிலையங்களில் சேரும் கழிவுநீர்ச் சேற்றை நிலக்கரியோடு கலந்து எரித்துவிடலாம் என்போர் முதலில் ஈரத்தைக் கணக்கிட வேண்டும். இயந்திரத்தில் பிழிந்த சேற்றிலும் 75-80 சதவீதம் தண்ணீர்தான். அப்படியே கொட்டினால் உலைச் சூடு சரியும், கார்பன் மோனாக்சைடு ஏறும். புகை 850 டிகிரி செல்சியஸில் 2 விநாடியாவது நிற்காவிட்டால் டயாக்சின் என்ற கொடிய நச்சு உண்டாகும் அபாயமும் உண்டு.

சரி, உலர்த்தியே போடுகிறோம் என்றால் சேற்றில் பாதரசம் இருக்கிறதே! அது ஆவியாகிவிடும், தூசி பிடிக்கும் மின்வடிகட்டியில் பெரும்பகுதி சிக்காது. புகையில் கிளர்வூட்டிய கரித்தூளை (நச்சை ஈர்த்துக்கொள்ளும் கரி) தூவி, துணிப் பை வடிகட்டியில் பிடிக்க வேண்டும். சேற்றிலுள்ள நச்சு உலோகங்களான காட்மியமும் ஈயமும் புகையோடு பறக்கும் சாம்பலில் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சாம்பலைச் சோதிக்காமல் செங்கல் சூளைக்கு அனுப்பக் கூடாது. லாரி லாரியாகச் சேறு உலைக்குப் போகும்முன் அதன் உலோகப் பரிசோதனை முடிவை மாநகராட்சி வெளியிடட்டும்.

- வாசகர்கள் சிலர், அவனியாபுரம், மதுரை